தனியாக மலை ஏறுகிறவருக்கு ஒரு டோக்கன்

அறுபது தாண்டியவர் தனியாக மலை ஏறலாமா என்று நம் ஊரில் கேட்டால் இரண்டு பதில்தான் கிடைக்கும். வீட்டில் கேட்டால், "இந்த வயசுல எதுக்கு இந்த வேலை? கீழே நின்னு கும்பிட்டா சாமி வேண்டாம்னா சொல்லப்போகுது?" என்பார்கள். காலையில் நடக்க வருகிற கூட்டத்தில் கேட்டால், "மனசுல தெம்பு இருந்தா போதும் சார், மகாலிங்கம் கைய புடிச்சுக் கூட்டிட்டுப் போயிருவாரு" என்பார்கள். இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. முதல் கட்சி நம்மை ஈஸி சேரோடு கட்டிப்போடப் பார்க்கிறது. இரண்டாவது கட்சி நம்மைச் சாமி தலையில் கட்டிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்கிறது.

நான் சொல்வது இதுதான். தனியாக ஏறலாம். ஆனால் நாம் மேலே இருக்கிறோம் என்பது கீழே ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். நேரத்துக்கு நாம் இறங்கவில்லை என்றால் அந்த ஒருவர் எழுந்து நான்கு பேரிடம் சொல்ல வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாமல் ஏறக்கூடாது.

இதைச் சொல்ல ஒரு கட்டுரை வேண்டுமா என்று கேட்பீர்கள். நம் வயதில் தனியாக ஏறுகிறவர்களில் எனக்குத் தெரிந்த முக்கால்வாசிப் பேர் வீட்டில் சொல்லாமல் போகிறவர்கள். அதனால் வேண்டியிருக்கிறது.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. பஸ்ஸை விட்டு இறங்கியதும் மேற்கே பார்த்தால் மலை சுவர் மாதிரி நிற்கும். கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோ வந்தவர் மண்டபத்து மாடியில் பல் துலக்கிக்கொண்டே அதைப் பார்ப்பார். ஆசை வந்துவிடும். நமக்குத் தினமும் பார்த்துப் பழகிப்போனது. வந்தவருக்கு அப்படி இல்லை.

அப்படி வந்த நண்பர் ஒருவர். கோயம்புத்தூர்க்காரர், வயது அறுபத்தாறு, மனைவி வழிக் கல்யாணத்துக்கு ராஜபாளையம் வந்திருந்தார். கல்யாணம் முடிந்த மறுநாள் காலையில், "ஆண்டாள் கோவிலுக்குப் போயிட்டு, அப்படியே பால்கோவா வாங்கிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கியவர் கோவில் பக்கமே திரும்பவில்லை. வத்திராயிருப்பு பஸ்ஸைப் பிடித்து, அங்கிருந்து ஆட்டோவில் தாணிப்பாறை. சதுரகிரிக்கு ஏற ஆரம்பித்துவிட்டார்.

ஏறியதெல்லாம் நன்றாகத்தான் ஏறினார். சுந்தர மகாலிங்கத்தையும் சந்தன மகாலிங்கத்தையும் பார்த்துவிட்டு இறங்கும்போது, சின்னப் பசுக்கடைக்குக் கீழே ஓரிடத்தில் ஒதுங்குவதற்காகப் பாதையை விட்டுப் பாறைக்குப் பின்னால் போயிருக்கிறார். சருகுக்கு அடியில் உருளைக்கல். கால் மடங்கிக் கணுக்காலில் எலும்பு விட்டுவிட்டது. பாதையிலிருந்து பத்துப் பதினைந்து அடி தூரம்தான். ஆனால் பாதையில் போகிறவருக்குத் தெரியாது. அன்றைக்குக் கூட்டமும் இல்லை. செல்போனில் சிக்னல் கிடையாது. கத்திப் பார்த்திருக்கிறார். அரை மணிக்கு ஒருதரம் யாரோ போகும் சத்தம் கேட்கும், இவர் கூப்பிடுவதற்குள் தாண்டிப் போய்விடுவார்கள். பகல் பன்னிரண்டரைக்கு விழுந்தவரை மூன்றரை மணிக்கு மேல், கடையை எடுத்து வைத்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்த ஒருவர்தான் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்திருக்கிறார்.

வீட்டில் இரண்டு மணிக்கே தேட ஆரம்பித்துவிட்டார்கள். எங்கே? ஆண்டாள் கோவில் பிராகாரத்தில். வடபத்ரசாயி சன்னதியில். ரதவீதியில் ஒவ்வொரு பால்கோவா கடையாக, போட்டோவைக் காட்டிக்கொண்டு. பஸ் ஸ்டாண்டில், ஆஸ்பத்திரியில். எத்தனை பேர், எவ்வளவு அக்கறை! அத்தனை தேடலும் அவர் கிடந்த இடத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி நடந்துகொண்டிருந்தது.

கட்டுப் போட்ட காலோடு படுத்திருந்தவரைப் பார்க்கப் போனபோது, "ஏன் அண்ணாச்சி, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கக்கூடாதா?" என்று கேட்டேன். "சொன்னா விட்டிருப்பாங்களா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. விட்டிருக்க மாட்டார்கள்.

பிள்ளைகள் இதைப் படித்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். "போகாதே" என்று சொல்வதால் அப்பா போகாமல் இருப்பதில்லை. சொல்லாமல் போகிறார், அவ்வளவுதான். நாற்பது வருடம் ஆபீசில் லீவு லெட்டர் எழுதிக் கொடுத்தே வாழ்ந்தவர்களுக்கு, வீட்டிலும் லீவு கேட்டு நிற்கப் பிடிக்காது. தடை போட்ட வீட்டில் அப்பா எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. தடை போடாமல் "எப்ப இறங்குவீங்க?" என்று மட்டும் கேட்ட வீட்டில் தெரியும்.

சரி, ஏன் தனியாகப் போக வேண்டும், நான்கு பேரோடு போனால் என்ன என்று கேட்கலாம். நானும் தனியாக ஏறுகிறவன்தான். அதனால் அனுபவத்தில் சொல்கிறேன். கூட்டத்தோடு போனால் கூட்டத்தின் கால் நம் காலாகிவிடுகிறது. இளவட்டங்கள் முன்னால் போய் ஒரு வளைவில் உட்கார்ந்து நமக்காகக் காத்திருப்பார்கள். நாம் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்ததும், "வந்துட்டீங்களா மாமா, கிளம்பலாமா?" என்று எழுந்துவிடுவார்கள். அவர்கள் பத்து நிமிடம் ஓய்வெடுத்திருப்பார்கள். நமக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைத்திருக்காது. மலை உச்சி வரை இதே கதை. யார் அதிகம் ஓய்வெடுக்க வேண்டுமோ அவருக்குத்தான் ஓய்வே கிடையாது. கேட்கவும் வெட்கம். தனியாகப் போனால் இந்தத் தொல்லை இல்லை. பத்து அடிக்கு ஒருதரம் உட்கார்ந்தாலும் யாரும் திரும்பிப் பார்க்கப்போவதில்லை.

பேச்சும் ஒரு காரணம்தான். மனைவி போன பிறகு முதல்முறை பர்வதமலைக்குப் போனேன். திருவண்ணாமலைப் பக்கம் ஒரு வேலையாகப் போயிருந்தபோது, ஒரு நாள் மிச்சமிருந்தது. அங்கே கடைசியில் கடப்பாறைப் படி, தண்டவாளப் படி என்று பாறையில் இரும்பை அடித்து வைத்திருப்பார்கள், சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். அன்றைக்குப் பக்கத்தில் யாராவது பேசிக்கொண்டு வந்திருந்தால் எனக்குப் பொறுத்திருக்காது. இதை இதற்குமேல் விளக்கத் தெரியவில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

கூட்டமாகப் போனால் ஆபத்து இல்லை என்பதும் முழுக்கச் சரியில்லை. 2018 மார்ச் 11-ஆம் தேதி போடிக்கு மேலே குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கியவர்கள் தனியாகப் போனவர்களா? முப்பது பேருக்கு மேல், குழுவாகப் போனவர்கள். பெரும்பாலும் இளவயதுக்காரர்கள். 23 பேர் இறந்துபோனார்கள். நம் சதுரகிரியிலேயே 2015 மே மாதம், வைகாசி அமாவாசைக்கு வந்த கூட்டம் மலையில் இருந்த நேரத்தில் மேலே கொட்டிய மழையில் ஓடையில் திடீரென்று வெள்ளம் வந்து, பக்தர்கள் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். அவர்களும் குடும்பம் குடும்பமாக வந்தவர்கள்தான். அதற்குப் பிறகுதான் மாதத்தில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய எட்டு நாள் மட்டும் அனுமதி என்று கட்டுப்பாடு வந்தது. இரவு தங்கவும் தடை வந்தது. இந்த நாள் கணக்கும் நேரக் கணக்கும் அவ்வப்போது மாறுகிறது. கிளம்புவதற்கு முந்தின நாள் விசாரித்துக்கொள்வது நல்லது.

மழை விஷயத்தில் உள்ளூர்க்காரர்கள் அறிந்ததை வெளியூர்க்காரர்கள் அறிய மாட்டார்கள். வத்திராயிருப்பில் வெயில் கொளுத்தும், மேலே கறுத்துக்கொண்டு பெய்யும். கீழ்வானத்தைப் பார்த்து மலையைக் கணிக்கக் கூடாது. சித்திரை, வைகாசியில் மதியத்துக்கு மேல்தான் இடிமழை கூடுதலாக வரும். மாங்கனி ஓடையில் காலையில் கணுக்கால் நனையாமல் தாண்டியிருப்போம். மதியம் தண்ணீர் கலங்கி, சருகும் சுள்ளியுமாக வர ஆரம்பித்துவிட்டதென்றால் அதில் காலை வைக்கவே கூடாது. இந்தப் பக்கமே உட்கார்ந்துவிட வேண்டும், எத்தனை மணி நேரமானாலும்.

தனியாகப் போகிறவருக்கு வெள்ளத்தைவிட, தீயைவிடப் பெரிய ஆபத்து வேறொன்று. அது நம் சட்டைப் பையிலேயே இருக்கிறது. மாத்திரையைச் சொல்கிறேன்.

நம் வயதில் சர்க்கரை இல்லாதவர் குறைவு. காலையில் வழக்கம்போல மாத்திரையைப் போட்டுக்கொள்வார்கள், அல்லது ஊசி போட்டுக்கொள்வார்கள். "சாமியைப் பார்த்துட்டுத்தான் சாப்பாடு" என்று வெறும் வயிற்றில் ஏறுவார்கள். இன்சுலினும், கிளிமிபிரைடு மாதிரியான சில மாத்திரைகளும் சாப்பாடு உள்ளே போனாலும் போகாவிட்டாலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். மலை ஏறும் உழைப்பு அதை இன்னும் இறக்கும். சர்க்கரை தாழ்ந்தால் முதலில் வியர்க்கும், கை நடுங்கும், படபடக்கும். மலை ஏறும்போது யாருக்குத்தான் வியர்க்கவில்லை, யாருக்குத்தான் படபடக்கவில்லை? ஏற்றத்தில் வருகிற வியர்வையும் சர்க்கரை தாழ்ந்து வருகிற வியர்வையும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். பிரஷருக்கு அட்டெனலால், மெட்டோபுரோலால் வகை மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் அந்தப் படபடப்பும் நடுக்கமும்கூடச் சரியாகத் தெரியாமல் போகலாம். அடுத்தது புத்தி குழம்பும். குழம்பிய புத்திக்குத் தான் குழம்பியிருப்பது தெரியாது. பக்கத்தில் ஒருவர் இருந்தால், "என்ன சார், பேச்சு ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்பார். தனியாகப் போகிறவருக்கு அந்தக் கேள்வி கிடைக்காது.

அதனால் வெறும் வயிற்றில் ஏறாதீர்கள். மகாலிங்கம் இட்லி சாப்பிட்டவரைத் திருப்பி அனுப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை. அன்றைக்கு மாத்திரை எவ்வளவு என்பதை உங்கள் டாக்டரிடம் ஒரு வாரம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பையில் கடலைமிட்டாய் இருக்கட்டும், ஆனால் தலை சுற்றினால் அது உடனே உதவாது. கடலையில் இருக்கும் எண்ணெய் சர்க்கரையை மெதுவாகத்தான் இரத்தத்தில் விடும். குளுக்கோஸ் பொடியோ வெறும் சர்க்கரையோ ஒரு பொட்டலம் தனியாக வேண்டும். சந்தேகம் வந்தால் யோசிக்காமல் வாயில் போட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அப்படிப் போட்டு, சர்க்கரை தாழ்ந்திருக்கவில்லை என்றாலும் நஷ்டம் ஒன்றுமில்லை.

நெஞ்சு விஷயமும் இப்படித்தான். 2024-இல் கோவைப் பக்கம் வெள்ளியங்கிரி ஏறிய பக்தர்கள் சிலர் வழியிலேயே நெஞ்சு வலி, மூச்சுத்திணறல் என்று இறந்த செய்தி அடுத்தடுத்து வந்தது நினைவிருக்கும். டாக்டர்கள் ஒரு சுலபமான சோதனை சொல்வார்கள்: நடக்கும்போது ஒரு முழு வாக்கியத்தை மூச்சு விடாமல் பேச முடிகிறதா என்று பார்ப்பது. முடியவில்லை என்றால் வேகம் அதிகம். தனியாகப் போகிறவர் யாரிடம் பேசுவார்? அதற்குத்தான் நம் முன்னோர் "அரோகரா" வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். முழுசாகச் சொல்ல வருகிறதா, நடக்கலாம். "அரோ"விலேயே நின்றுவிட்டதா, உட்காரலாம்.

இனி டோக்கன் விஷயம்.

நான் தொலைபேசித் துறையில் வேலை பார்த்தவன். யாராவது 198-க்குப் போன் செய்து "லைன் டெட்" என்று சொன்னால் ஒரு டாக்கெட் நம்பர் கொடுப்போம். சரிசெய்து, வாடிக்கையாளரிடம் கேட்டு உறுதி செய்த பிறகுதான் அந்த நம்பரை மூடலாம். சாயங்காலம் மூடாமல் கிடக்கிற நம்பரெல்லாம் பெண்டிங் லிஸ்ட்டில் வந்து மேலதிகாரி மேஜையில் உட்காரும். லைன்மேன் நல்லவரா, சோம்பேறியா என்பது முக்கியமில்லை. மூடாத நம்பர் தானாகக் கண்ணில் குத்தும். அதுதான் அந்த முறையின் அழகு.

இதைவிடச் சின்ன உதாரணம் வேண்டுமானால் நம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து சைக்கிள் ஸ்டாண்டைப் பாருங்கள். வண்டியை விட்டால் ஒரு டோக்கன், அதன் மறுபாதி வண்டியில். ராத்திரி கடைசியில் எந்த வண்டி எடுக்கப்படாமல் நிற்கிறது என்று ஸ்டாண்டுக்காரருக்குத் தெரியும். மலை அடிவாரத்திலும் வண்டி விடுகிற இடத்தில் சீட்டுக் கொடுத்துக் காசு வாங்குகிறார்கள். எனக்கு இது வேடிக்கையாக இருக்கும். எந்த வண்டி எடுக்கப்படவில்லை என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அந்த வண்டியை ஓட்டி வந்தவர் இறங்கினாரா என்பதற்கும் ஒரு கணக்கு இருந்தால் என்ன?

ஜப்பானில் மலை அடிவாரங்களில் தபால் பெட்டி மாதிரி ஒரு பெட்டி வைத்திருப்பார்களாம். ஏறுகிறவர் ஒரு படிவத்தில் பெயர், வீட்டுத் தொலைபேசி, எந்த வழியாக ஏறுகிறார், எப்போது இறங்குவார் என்று எழுதிப் போட்டுவிட்டுப் போக வேண்டும். சில மாகாணங்களில் ஆபத்தான மலைகளுக்கு இதைச் சட்டமாகவே ஆக்கியிருக்கிறார்கள். அந்த நாட்டில் நம் வயதுக்காரர்கள் ஏராளமாக மலை ஏறுகிறார்கள், தனியாகவும் ஏறுகிறார்கள். நியூசிலாந்தில் மலைக் குடில்களில் ஒரு நோட்டு இருக்கும். தங்கினாலும் தங்காவிட்டாலும் வந்தவர் பெயரையும் அடுத்துப் போகிற இடத்தையும் எழுதிவிட்டுப் போக வேண்டும். ஆள் காணவில்லை என்றால் தேடுகிறவர்கள் முதலில் புரட்டுவது அந்த நோட்டைத்தான். அவ்வளவு தூரம் போவானேன், சபரிமலைக்குப் போகும் குழந்தைகளுக்குப் பம்பையில் கையில் பெயர்ப் பட்டை கட்டி விடுவதைப் பார்த்திருப்பீர்கள். பேரனுக்குக் கட்டும்போது தாத்தாவுக்கும் ஒன்று கட்டினால் குறைந்தா போய்விடும்?

தாணிப்பாறையில் இதற்கு வேண்டியது ஒரு மேஜை, ஒரு நோட்டு, இரண்டாகக் கிழிக்கிற டோக்கன் புத்தகம். தனியாக ஏறுகிறவர் விருப்பப்பட்டால் வந்து பெயரையும் ஒரு போன் நம்பரையும் சொல்வார். பாதி டோக்கன் அவரிடம், பாதி நோட்டில். இறங்கியதும் கொடுத்துவிட்டுப் போவார். இறங்க வேண்டிய நேரம் தாண்டியும் ஒட்டியபடியே இருக்கிற டோக்கனுக்குப் போன் போகும், வனத்துறைக் காவலரிடமும் சொல்லப்படும்.

இதை நண்பர்களிடம் பேசியபோது எதிர்ப்பு வந்தது. ஆடி அமாவாசைக்கு லட்சக்கணக்கில் ஆள் வருகிறார்கள், யார் நோட்டில் எழுதுவது என்றார் ஒருவர். ஆடி அமாவாசைக்கு நோட்டே வேண்டாம். அன்றைக்கு மலையில் யாரும் தனி ஆள் இல்லை. விழுந்தால் தூக்கப் பத்துக் கை வரும். நோட்டு வேண்டியது கூட்டம் இல்லாத சாதா நாளில்.

இன்னொருவர் சொன்னதுதான் எனக்கு உறைத்தது. "இன்னைக்கு நோட்டுல வயசு எழுதுவாங்க. நாளைக்கு அந்த வயசைப் பார்த்து, நீங்க போகக்கூடாது சார்னு திருப்பி அனுப்புவாங்க" என்றார். இந்தப் பயம் நியாயமானது. கணக்கு எடுக்க ஆரம்பித்தால் அது தடையில் போய் முடிவதை எத்தனையோ இடத்தில் பார்த்திருக்கிறோம். அதனால் வயதைக் கேட்கக் கூடாது. என்ன வியாதி என்றும் கேட்கக் கூடாது. பெயர், ஒரு போன் நம்பர், எத்தனை மணிக்கு இறங்குவீர்கள் என்ற மூன்று கேள்விக்கு மேல் நான்காவதாக ஒன்று வந்தால் நானே அந்த நோட்டில் எழுத மாட்டேன்.

நோட்டு வருகிற வரை நாமே செய்துகொள்ள வேண்டியதுதான். அடிவாரத்திலிருந்து ஒரு போன், இறங்கியதும் ஒரு போன். வாட்ஸ்அப்பில் குரூப்புக்கெல்லாம் போட்டோ அனுப்புவது இதற்கு ஈடாகாது. இருபது பேருக்குத் தெரிந்தால், மற்ற பத்தொன்பது பேர் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒவ்வொருவரும் இருந்துவிடுவார்கள். ஒரே ஆளிடம் சொல்ல வேண்டும், அதுவும் வேலை கொடுத்துச் சொல்ல வேண்டும்: "நாலு மணிக்குள்ள என் போன் வரலைன்னா, இந்த நம்பர்ல இருக்கிற கடைக்காரருக்குக் கூப்பிடு, அவர் கிடைக்கலைன்னா 112." அடிவாரத்தில் டீ குடிக்கிற கடையில் அந்த நம்பரை வாங்கிக்கொள்ளலாம். டீக்கடைக்காரர் யாரும் இதுவரை எனக்கு மறுத்ததில்லை. மேலே போகப் போக டவர் கிடைக்காது என்பதை மனதில் வைத்து நேரத்தைச் சொல்லுங்கள். சிக்னல் மலையைச் சுற்றி வளைந்து வருகிற சாதி இல்லை. இதைத் துறைக்காரனாகவே சொல்கிறேன்.

சட்டைப் பையில் ஒரு காகிதம் இருக்கட்டும். அதில் பெயர், வீட்டு நம்பர், என்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்ற மூன்றும். இப்போது எல்லோரும் செல்போனுக்குப் பூட்டுப் போட்டு வைத்திருக்கிறோம். விழுந்து கிடக்கிறவரின் போனைத் தூக்குகிறவர் திறக்க முடியாமல் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். காகிதத்துக்கு பாஸ்வேர்டு கிடையாது.

ஒதுங்குவதானால் ஆள் வருகிற வரை காத்திருந்து, "தம்பி, ஒரு நிமிஷம் நில்லுங்க" என்று சொல்லிவிட்டு ஒதுங்குங்கள். கோயம்புத்தூர் நண்பர் இப்போது எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிற முதல் யோசனை இதுதான். கொஞ்சம் கூச்சமாக இருக்கும், பரவாயில்லை.

தனியாக ஏறலாம் என்று நான் சொல்வது ஆள் நடமாட்டம் உள்ள கோவில் பாதைகளைப் பற்றி மட்டும்தான். செண்பகத்தோப்புக்கு உள்ளேயோ, அய்யனார் கோவில் ஆற்றைத் தாண்டி மேலேயோ தனியாக நுழைவது வேறு விஷயம். 1988-இலிருந்து சாம்பல் நிற அணில் சரணாலயமாக இருந்த காடு, 2021-இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாகிவிட்டது. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். அனுமதி இல்லாமல் போவது சட்டப்படியும் குற்றம். செண்பகத்தோப்பில் தோப்பு வைத்திருக்கிறவர்களைக் கேளுங்கள், மாமரத்தையும் தென்னையையும் யானை என்ன செய்துவிட்டுப் போகிறது என்று சொல்வார்கள். யானைக்கு நம் பென்ஷன் புத்தகத்தைக் காட்ட முடியாது. காட்டுக்குள் நடக்க ஆசை என்றால் 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் நம் மாவட்டத்துப் பாதைகளும் இருக்கின்றன. மொத்தம் 40 பாதைகள். முன்பதிவு செய்தால் மலைவாசி இளைஞர்களே வழிகாட்டியாக வருவார்கள். அங்கே தனிமை கிடைக்காது, ஆனால் காடு கிடைக்கும்.

வருடக்கணக்கில் ஏறாதவர்கள் எடுத்த எடுப்பில் சதுரகிரிக்குப் போக வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலை சீனிவாசப் பெருமாள் கோவில் படிகள் இருக்கின்றன. புரட்டாசி சனிக்கிழமை தவிர மற்ற நாளில் காலையில் போனால் நிதானமாக ஏறி இறங்கிப் பார்க்கலாம். ஒரு மாதம் அப்படிப் போங்கள். ஏறுவதைவிட இறங்குவதைக் கவனியுங்கள். முட்டி வலி இறங்கும்போதுதான் தெரியும், கால் வழுக்குவதும் பெரும்பாலும் இறங்கும்போதுதான். மேலே போய்ச் சேர்ந்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில் கவனம் போய்விடுகிறது.

வத்திராயிருப்பு, கிருஷ்ணன்கோவில் பக்கத்து நண்பர்கள் யாராவது அந்த நோட்டு விஷயத்தை எடுத்துச் செய்வதாக இருந்தால், உரிய இடத்தில் அனுமதி கேட்டு எழுதுகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். மனுப் போடுவதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. சாதா நாட்களில் வாரத்துக்கு இரண்டு நாள் வந்து உட்காரவும் தயார். மேஜையும் நாற்காலியும் உங்கள் பொறுப்பு. காபி பிளாஸ்க்கை நான் கொண்டுவந்துவிடுகிறேன்.